மற்றிங்கில் திரும்பும் ஓஃப் ஸ்பின் புல்தரையில் ஏன் நேராகப் போகிறது?

கேள்வி கேட்ட தம்பி கிளிநொச்சியில் சீமெந்துத் தளத்தில் மற்றிங் (தும்புப் பாய்) விரித்துப் பழகுகிறார், வலக்கை ஓஃப் ஸ்பின், அதாவது விரலால் சுழற்றிப் போடும் பந்து. அங்கே நன்றாகத் திரும்பும் பந்து கொழும்பில் புல்தரையில் திரும்பவில்லையாம்.

தம்பி, இவ்வளவு காலமும் உங்கள் பந்தைப் பாதிக்குமேல் திருப்பியது மற்றிங்தான். தும்பு தையலைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் சுழற்றினாலே திரும்பும், எழும்பும். இறுகிய புல்தரையில் விரல் கொடுத்த சுழற்சி மட்டும்தான் மிஞ்சும்.

ஆகவே முதலில் விரல். சுட்டுவிரலின் மேல் மூட்டு தையலுக்குக் குறுக்கே இருக்கட்டும். நடுவிரலை நன்றாக அகட்டுங்கள், இடையில் இழுவை தெரிய வேண்டும். மோதிர விரல் கீழே தாங்கும், பெருவிரலுக்கு வேலை இல்லை. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். இங்கே நான் அதிகம் காணும் பிழை உள்ளங்கையில் அமத்திப் பிடிப்பதுதான்; அப்படிப் பிடித்தால் பந்து சுழலாமல் வழுக்கிப் போகும். விடும்போது பூட்டில் திறப்பை வலப்பக்கம் திருப்புவதுபோல் சுட்டுவிரல் தையலை இழுத்திறக்க வேண்டும். பயிற்சி முடிய அந்த விரலின் உட்தோல் சிவந்திருந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

பழைய பந்தொன்றில் தையலுக்கு ஒரு பக்கம் வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள். 10 மீற்றர் தள்ளி நிற்பவருக்கு நின்ற இடத்திலிருந்தே போடுங்கள். வெள்ளையும் சிவப்பும் பிரிந்து தெரிந்தால் தையல் நேராகச் சுற்றுகிறது, கலங்கினால் தள்ளாடுகிறது. பிறகு மற்றிங்கைச் சுருட்டிவிட்டு அதே பந்தை வெறும் சீமெந்தில் போடுங்கள். அங்கே எவ்வளவு திரும்புகிறதோ, அதுதான் உங்கள் சொந்தச் சுழற்சி.

அடுத்தது முன்கால். பந்தை விடும்போது இடது பாதத்தின் முன்பகுதியில் உடம்பு சுழன்று, வலது இடுப்பு துடுப்பாட்டக்காரரைப் பார்க்க வர வேண்டும். தட்டைச் சப்பாத்தில் இது சுலபம். ஆணிச் சப்பாத்து புல்தரையில் பிடித்துக்கொள்ளும். உடம்பு நின்றுவிட, கை மட்டும் வரும். ஆணி மற்றிங்கைக் கிழிக்கும் என்பதால் எங்கள் பக்கப் பிள்ளைகள் பலர் அதை மட்ச் அன்றுதான் முதன்முதலாகப் போடுகிறார்கள். இரண்டு கிழமைக்கு முன்பே மைதான ஓரத்துப் புல்லில் போட்டுப் பழகுங்கள்.

முரளியைப் பார்த்து மணிக்கட்டைச் சுழற்ற வேண்டாம். 800 ரெஸ்ற் விக்கெற் எடுத்த அந்தக் கை பிறப்பிலேயே முழுதாக நிமிராதது. அவரைப்போல் போடப் போனால் உங்கள் முழங்கை விதி அனுமதிக்கும் 15 பாகைக்கு மேல் நிமிர்ந்து, வீச்சே பிழையாகிவிடும்.

கடைசியாகப் பந்து குத்தும் இடம். மற்றிங்கில் கொஞ்சம் குட்டையாகக் குத்தினாலும் நெஞ்சுக்கு எழும்பி ஆளைத் திணறடிக்கும். அதே பந்து மெதுவான புல்தரையில் நின்று வரும், பின்காலில் போய் அடிப்பார்கள். துடுப்பாட்டக்காரரின் ஸ்ரம்பிலிருந்து 3 முதல் 4 மீற்றருக்குள் ஒரு துணியை விரித்து, அவருடைய கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் போட்டு அதில் விழுத்துங்கள்.