காலையில டீசல் பிக்கப் ஸ்டார்ட் ஆகல, டீசலைக் கையால ஏத்துற ஹேண்ட் பம்ப் அடிச்சாதான் ஆகுது, ஏன்?

பேட்டரி இஞ்சினை நல்லா சுத்தியும் இப்படின்னா பெரும்பாலும் டீசல் லைன்ல காத்து புகுந்திருக்கும், மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் ஓடுற பழைய வண்டிங்கள்ல இது சகஜம்தான். டீசல் இஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது, இன்ஜெக்டர் 100 பாருக்கு மேல (சாதாரண காத்தழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல) பிரஷர்ல டீசலைப் பீய்ச்சணும், நடுவுல காத்து இருந்தா அது அமுங்கிக்கும், பிரஷர் ஏறாது. ஓட்டை ஸ்ட்ரா போட்டு பாக்கெட் தே ஐஸ் (ஐஸ் போட்ட பால் டீ) உறிஞ்சுற மாதிரிதான்.

இன்ஜெக்டருக்கு டீசல் தள்ளுற பம்ப்புக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணாடி மாதிரி டியூப் மாட்டிப் பாருங்க, குமிழ் போனா ஃபில்டர் சீல், ஹேண்ட் பம்ப், வெடிச்ச ரப்பர் ஹோஸ், கிளிப் இதெல்லாம் முதல்ல பார்க்கணும், எடுத்தவுடனே இன்ஜெக்டரைக் கழட்டச் சொல்ற பட்டறைய நான் நம்பமாட்டேன்.

கீழ டீசல் சொட்டலயே, அப்புறம் எப்படி லீக்குன்னு நிறைய பேர் கேப்பாங்க, அது உறிஞ்சுற பக்கம், டீசல் வெளிய வராமலே காத்து உள்ள போகும்.