ரைட்டிங்கில் மட்டும் ஏன் 6? – வாசகர் கேள்வி, பதில்

வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலத் தேர்வுகள் பற்றி வாசகர்களிடம் கேள்வி கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து, அதுவும் எழுத்துத் தேர்வு பற்றியே. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ரைட்டிங் பயிற்சி அளிக்கும் எங்கள் குழு இங்கே பதில் தருகிறது.

கேள்வி: நான் ஸ்டாஃப் நர்ஸ். யு.கே. போவதற்காக ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் இரண்டு முறை எழுதினேன். கடைசியாக லிசனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 7. ரைட்டிங் மட்டும் இரண்டு முறையும் 6. கோச்சிங் சென்டரில் "வொக்காபுலரி போதாது" என்று பெரிய சொற்பட்டியல் ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். அதை மனப்பாடம் செய்தால், எனக்குத் தேவையான 6.5 வருமா?
– வாசகி, களியக்காவிளை

வராது. பட்டியலை மூடி வையுங்கள்.

ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பகுதிக்கும் 9-க்கு மதிப்பெண் (பேண்ட்). ரைட்டிங் மதிப்பெண் நான்கு அளவுகோல்களில் சமமாகப் பிரிகிறது: கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறீர்களா, கருத்துகள் ஒன்றோடொன்று கோவையாக வருகின்றனவா, சொல்வளம், இலக்கணம். சொல்லுக்கு உள்ளது கால் பங்குதான். அதிலும் அரிய சொல்லைத் தவறான இடத்தில் போட்டால் இருக்கும் மதிப்பெண்ணும் போகும். டாஸ்க் 2 கட்டுரைக்கு, கிராஃப் போன்ற படத்தைப் பார்த்து விவரிக்கும் டாஸ்க் 1-ஐப் போல இரு மடங்கு மதிப்பு. ஆகவே 60 நிமிடத்தில் 40 நிமிடம் கட்டுரைக்கு. முதலில் கட்டுரையை எழுதிவிட்டுப் பிறகு டாஸ்க் 1-க்கு வரலாம், தடையில்லை.

6-இல் நிற்பவர்களின் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் அளவுகோலில்தான் ஓட்டை. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: "பல நாடுகளில் முதியவர்கள் பிள்ளைகளோடு இல்லாமல் தனியே வாழ்கிறார்கள். இது நல்ல மாற்றமா, கெட்ட மாற்றமா?" கல்ஃப் பணத்தில் கட்டிய பெரிய வீட்டில் வயதானவர்கள் இருவர் மட்டும் இருப்பதை உங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். அதனால் எழுத விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் சென்டரில் பழகியவர் "இட் இஸ் எ கான்ட்ரவர்ஷியல் டாபிக் இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்குவார். பிறகு முதுமை பற்றிப் பொதுவாக நான்கு கருத்து. நல்லதா கெட்டதா என்ற முடிவு கடைசி வரியில்தான் வரும். கேள்வியில் கேட்டது முடிவு. அது முதல் பத்தியிலேயே வர வேண்டும். நடுப் பத்திகள் அதைத் தாங்க வேண்டும், கடைசிப் பத்தியும் அதையே சொல்ல வேண்டும்.

நடுப் பத்தி இரண்டு போதும், பத்திக்கு ஒரு கருத்து. அந்தக் கருத்தைச் சொல்லி, ஏன் அப்படி என்று விளக்கி, அது எப்படி நடக்கிறது என்று காட்டி, ஓர் உதாரணத்தோடு முடியுங்கள். எடுத்துக்காட்டாக: தனியே வாழும் முதியவருக்கு உடம்பு முடியாமல் போனால் தெரிவது தாமதமாகிறது, ஏனென்றால் தினமும் பார்க்க ஆள் இல்லை, சின்ன தலைசுற்றல், மறந்த மாத்திரை எல்லாம் கவனிக்கப்படாமல் போய், கடைசியில் அட்மிஷனில் முடிகிறது. நர்ஸான உங்களுக்கு இது தெரிந்த விஷயம். அதை எழுதாமல் "டெக்னாலஜி" என்று எங்கோ போகிறீர்கள்.

இன்னொன்று, வாக்கியத்துக்கு வாக்கியம் "மோர்ஓவர்", "ஃபர்தர்மோர்" போடும் பழக்கம். தேர்வு நடத்துபவர்கள் இணையத்தில் வெளியிட்டுள்ள பேண்ட் விவரணையில், இயந்திரத்தனமான இணைப்பு 6-இன் அடையாளமாகவே வருகிறது. பத்திக்கு இரண்டு இணைப்புச் சொல் போதும். மற்ற இடங்களில் "திஸ்", "சச் பேரன்ட்ஸ்" என்று முன்னால் சொன்னதைத் தொட்டு எழுதினாலே கோவை வந்துவிடும்.

கேள்வி: டாஸ்க் 1-இல் கிராஃப் பார்த்து எழுதவே எனக்கு அரை மணி நேரம் ஆகிவிடுகிறது. ஓர் எண்ணைக்கூட விடாமல் எழுதியும் 5.5-தான்.
– பி.டெக். மாணவர், சித்தூர்

எண்ணை விடாமல் எழுதுவதால்தான் 5.5. இதில் சோதிப்பது தேர்ந்தெடுக்கும் திறனை. நீங்கள் செய்வது ஸ்டாக் எடுக்கும் வேலை.

20 நிமிடத்தை இப்படிப் பிரியுங்கள்: பார்க்க 4, எழுத 13, திருத்த 3. பார்க்கும்போது பேனா, கீபோர்டு எதையும் தொடாமல், "இந்தப் படத்தை ஒருவருக்கு ஃபோனில் இரண்டே வாக்கியத்தில் சொல்ல வேண்டுமானால் எதைச் சொல்வேன்?" என்று யோசியுங்கள். அந்த இரண்டு வாக்கியம்தான் ஓவர்வியூ. அதில் எண் வராது. தெளிவான ஓவர்வியூ இல்லாத விடை 7-க்குப் போகாது.

சென்னை, திருவனந்தபுரம் இரண்டின் மாதவாரி மழை அளவை ஒரு பார் சார்ட்டாக வரைந்து பயிற்சி செய்யுங்கள். ஓவர்வியூவில் வர வேண்டியவை: சென்னைக்கு மழையில் பெரும்பங்கு ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில்; திருவனந்தபுரத்தில் ஜூனில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு உச்சம்; ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டு ஊரிலும் மழை மிகக் குறைவு. பிறகு ஊருக்கு ஒரு பத்தி. உச்சம், அடிமட்டம், இரண்டும் வேறுபடும் இடம் ஆகியவற்றுக்கு மட்டும் எண் கொடுத்தால் போதும், 24 எண் வேண்டாம். 160 முதல் 180 சொற்களில் முடிந்துவிடும்; குறைந்தபட்சம் 150.

இதை எழுதும்போது கை தானாக "வடகிழக்குப் பருவமழையால்" என்று எழுதப் போகும். அங்கே நிறுத்துங்கள். படத்தில் இல்லாத காரணத்தை டாஸ்க் 1-இல் சொல்லக் கூடாது, அது உண்மையாகவே இருந்தாலும். சொந்தக் கருத்துக்கும் இதே விதிதான்.

அடிக்கடி பார்க்கும் பிழைகள்: 20-லிருந்து 40 ஆனதை "இன்க்ரீஸ்ட் பை 40" என்று எழுதுவது ("டு 40" அல்லது "பை 20" என்று வர வேண்டும்), ஆட்களை "அமவுண்ட்" என்பது ("நம்பர்" வர வேண்டும்), 2050 போன்ற வரும் ஆண்டை இறந்த காலத்தில் எழுதுவது ("இஸ் ப்ரொஜெக்டட் டு" என்று எழுதுங்கள்).

கேள்வி: வீட்டில் தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம் மீடியம். இலக்கணப் பிழையால்தான் மதிப்பெண் போகிறது என்று தெரிகிறது. திருத்தித் தர ஆள் இல்லை. நானே எப்படித் திருத்துவது?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

எழுதிய அன்றே திருத்தாதீர்கள். ஒரு நாள் விட்டு எடுங்கள். எடுத்த பிறகு எல்லாப் பிழையையும் ஒரே வாசிப்பில் தேடாமல், ஒரு வாசிப்புக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் தேடுங்கள்.

முதல் வாசிப்பு பெயர்ச்சொல்லுக்கு. ஒவ்வொன்றின் அடியிலும் கோடு போட்டு, இது ஒருமையா, பன்மையா, எண்ண முடியாததா என்று கேளுங்கள். ஒருமை என்றால் முன்னால் "எ" அல்லது "த" அல்லது "ஹிஸ்" போல ஏதாவது ஒன்று கட்டாயம். நமக்குப் "பத்து மாடு நிக்குது" என்பது பிழையில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "எஸ்" விழுந்துவிடுகிறது. "ஒன் ஆஃப் த" வந்தால் பின்னால் பன்மை. இன்னொரு பக்கம் "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்", "எக்விப்மென்ட்ஸ்", "ஃபர்னிச்சர்ஸ்", "ரிசர்ச்சஸ்" என்று வேண்டாத இடத்தில் "எஸ்" ஒட்டுகிறது. இவை எண்ண முடியாதவை என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

இரண்டாவது வாசிப்பு வினைக்கு. மலையாளத்தில் அவன், அவள், அவர்கள் யாருக்கும் வினை மாறாது. அதனால் உங்களுக்கு "ஷீ கோ" என்பது காதில் உறுத்தாமல் போகலாம். வாக்கியம் நீளமாகி எழுவாயும் வினையும் விலகும்போது இது இன்னும் ஒளிந்துகொள்ளும். எழுவாயிலிருந்து வினைக்கு அம்புக்குறி போட்டுப் பாருங்கள். "லாஸ்ட் இயர்", "இன் 2019" போன்று முடிந்த காலம் வந்தால் "ஹேவ்" வராது. "நோ", "பிலீவ்", "ஹேவ்" (உடைமைப் பொருளில்) ஆகியவற்றுக்கு "ஐஎன்ஜி" சேர்க்காதீர்கள்; "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" தவறு.

மூன்றாவது வாசிப்பில் வேண்டாத ஒட்டுகளை வெட்டுங்கள்: "டிஸ்கஸ் அபவுட்", "எம்ஃபசைஸ் ஆன்", "டெஸ்பைட் ஆஃப்", "ரிட்டர்ன் பேக்". "ஆல்தோ" என்று தொடங்கிய வாக்கியத்தில் "பட்" இருந்தால் ஒன்றை அடியுங்கள். இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் மட்டும் ஒட்டியிருந்தால் முற்றுப்புள்ளி வையுங்கள்.

கண்ட பிழையைத் தனி நோட்டில் வகைவாரியாகக் குறித்து, அதே கட்டுரையைத் திரும்ப எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து புதுக் கட்டுரை எழுதுவதைவிட, இரண்டு எழுதி இரண்டையும் திருப்பி எழுதுவது பலன் தரும். 7-க்குத் தேவைப்படுவது பிழையே இல்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருவது. எல்லா வாக்கியமும் அப்படி இருக்க வேண்டியதில்லை. ஆகவே உங்கள் கட்டுரையில் பிழையற்ற வாக்கியங்களை எண்ணுங்கள். பாதியைத் தாண்டாவிட்டால் வாக்கியங்களைச் சுருக்குங்கள்.

கேள்வி: ஓ.இ.டி. நர்சிங் லெட்டரில் என்னுடையது எப்போதும் 260 சொல் தாண்டுகிறது. கேஸ் நோட்ஸில் எதை விடுவது?
– வாசகி, மார்த்தாண்டம்

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில், நோயாளி பற்றிய குறிப்புகளை (கேஸ் நோட்ஸ்) வைத்துக் கடிதம் எழுத வேண்டும். ரைட்டிங் 45 நிமிடம். அதில் முதல் 5 நிமிடம் படிக்க மட்டும், எழுத முடியாது. கடிதத்தின் உடல் 180 முதல் 200 சொல் என்பது வழிகாட்டி அளவு. கூடினால் சொல்லை எண்ணி மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனால் சுருக்கம், தெளிவு என்று தனி அளவுகோல் இருக்கிறது. 260 சொல் என்றால் தேவையற்றது உள்ளே வந்துவிட்டது என்றுதான் பொருள்.

அந்த 5 நிமிடத்தில் நோட்ஸை மேலிருந்து படிக்காதீர்கள். கடைசியில் "ரைட்டிங் டாஸ்க்" என்று இருக்கும் பகுதியை முதலில் படியுங்கள். யாருக்கு, எதற்கு என்பது அங்கேதான் இருக்கிறது. பிறகு ஒவ்வொரு குறிப்பிலும் ஒரே கேள்வி: இது தெரியாவிட்டால் கடிதத்தைப் பெறுபவரின் வேலை கெடுமா?

முழங்கால் மாற்று அறுவை முடிந்து, சர்க்கரை நோயுள்ள 68 வயதுப் பெண் வீடு திரும்புகிறார் என்று வையுங்கள். கடிதம் கம்யூனிட்டி நர்ஸுக்கு என்றால் டிரெஸ்ஸிங் எப்போது மாற்ற வேண்டும், ஸ்டேப்பிள் எடுக்கும் தேதி, மாற்றிய மருந்து, பெனிசிலின் அலர்ஜி, தனியே வாழ்கிறார், வீட்டில் படிக்கட்டு உண்டு என்பவை வேண்டும். 30 ஆண்டுக்கு முந்தைய அப்பென்டிக்ஸ் ஆபரேஷன் வேண்டாம். வார்டில் நாள்தோறும் எடுத்த நார்மல் பி.பி. வேண்டாம். அதே நோயாளியைப் பற்றி டயட்டீஷியனுக்கு எழுதினால் ஸ்டேப்பிள் தேதியும் படிக்கட்டும் வெளியே. எடை, எச்பிஏ1சி (சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சாப்பாட்டுப் பழக்கம் உள்ளே. நோட்ஸ் ஒன்றுதான், கடிதம் இரண்டு. வீட்டில் இப்படி ஒரே நோட்ஸை இரண்டு பேருக்கு எழுதிப் பழகுவதைவிடச் சிறந்த பயிற்சி எங்களுக்குத் தெரியாது.

கடிதத்தின் நோக்கம் முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். இதற்கென்றே தனி மதிப்பெண். "ஷி வாஸ் அட்மிட்டட் ஆன்..." என்று கதையாகத் தொடங்கி, என்ன வேண்டும் என்பதைக் கடைசி வரியில் சொல்பவர்கள் இங்கே இழக்கிறார்கள். கடைசிப் பத்தியில் அதே கோரிக்கையை விரித்துச் சொல்லுங்கள்.

நோட்ஸின் தந்தி மொழியை அப்படியே இறக்காமல் முழு வாக்கியமாக்குங்கள். மருத்துவருக்கு எழுதும்போது எல்லோரும் அறிந்த சுருக்கெழுத்து பரவாயில்லை. சோஷியல் வொர்க்கருக்கோ குடும்பத்தாருக்கோ எழுதினால் விரித்து எழுதுங்கள். பெயரிலும் நம்மவர் தடுக்குகிறார்கள். நம் வழக்கப்படி இயற்பெயரோடு "மிஸ்டர்" சேர்க்கிறோம். அங்கே "மிஸ்டர்", "மிஸஸ்" சேர்வது குடும்பப் பெயரோடு, அதாவது நோட்ஸில் பின்னால் வரும் பெயரோடு. குழந்தை நோயாளி என்றால் முதல் பெயரே போதும்.

கேள்வி: கம்ப்யூட்டரில் எழுதுவதா, பேப்பரிலா? எது சுலபம்?
– வாசகர், செங்கோட்டை

ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் கேள்வியின் வகையும் மதிப்பீடும் இரண்டிலும் ஒன்றே. கம்ப்யூட்டரில் சொல் எண்ணிக்கை திரையில் தெரியும், பத்தியை நகர்த்தலாம்; ஆனால் ஸ்பெல்லிங் திருத்தித் தராது. 40 நிமிடத்தில் 270 சொல்லை யோசித்துத் தட்ட முடிந்தால் கம்ப்யூட்டர். வீட்டில் பழகும்போது ஆட்டோ கரெக்டை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: கனடா பி.ஆர்.க்காக (நிரந்தர வசிப்புரிமை) ஐ.இ.எல்.டி.எஸ். ஜெனரல் டிரெய்னிங் எழுதுகிறேன். அதில் கிராஃபுக்குப் பதில் வரும் லெட்டர் சுலபம்தானே?
– வாசகர், நகரி

சுலபம் என்று நினைத்துக் கோட்டைவிடும் பகுதி அதுதான். கேள்வியில் மூன்று அம்சங்கள் தந்திருப்பார்கள். மூன்றையும் தொட வேண்டும், ஒன்றுக்கு ஒரு பத்தி. முகவரி எழுதத் தேவையில்லை. ஆள் தெரியாத அலுவலகத்துக்கு "டியர் சர் ஆர் மேடம்" என்றால் முடிவில் "யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி". பெயர் தெரிந்தவருக்கு "யுவர்ஸ் சின்சியர்லி". நண்பருக்கு "பெஸ்ட் விஷஸ்". தாலுகா ஆபீஸ் மனுவில் எழுதிப் பழகிய "ரெஸ்பெக்டட் சர்", "ஐ பெக் டு ஸ்டேட்", "டூ த நீட்ஃபுல்" எல்லாம் இங்கே வேண்டாம். கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி.யில் 9-ஆம் நிலைக்கு ரைட்டிங்கில் 7 தேவை. கட்டுரையை அதற்கேற்பத் தயார் செய்யுங்கள்.

கேள்வி: மகளுக்கு ரைட்டிங் மட்டும் அரை பேண்ட் குறைவு. ரீவேல்யுவேஷன் போடலாமா, திரும்ப எழுதவா?
– தேயிலைத் தோட்டத் தொழிலாளி, வண்டிப்பெரியார்

மூன்று வழி உண்டு. முதலாவது மறுமதிப்பீடு: தேர்வு தேதியிலிருந்து 6 வாரத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் உயர்ந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். மற்ற மூன்றும் 7.5-க்கு மேல் இருந்து ரைட்டிங் மட்டும் தொங்கினால் போட்டுப் பார்க்கலாம். பயிற்சியிலும் அதே மதிப்பெண்தான் வருகிறது என்றால் பணத்தை முடக்க வேண்டாம்.

இரண்டாவது ஒன் ஸ்கில் ரீடேக்: கம்ப்யூட்டரில் எழுதியவர்கள் ஒரு பகுதியை மட்டும் 60 நாளுக்குள் திரும்ப எழுதலாம். பணம் கட்டும் முன், விண்ணப்பிக்கும் நிறுவனம் அதை ஏற்கிறதா என்று அவர்கள் தளத்திலேயே பாருங்கள். ஏஜென்ட் வாய்ச்சொல் போதாது.

மூன்றாவது நர்ஸ்களுக்கு மட்டும், களியக்காவிளை வாசகிக்கும் சேர்த்து: யு.கே.யில் நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி. 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்ணைச் சேர்த்துப் பார்க்கிறது. இரண்டு தேர்விலும் ரைட்டிங் 6-க்கும் மற்றவை 6.5-க்கும் கீழே போகாமல் இருக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டில் அதிகமானதை எடுத்தால் ரைட்டிங் 6.5, மற்றவை 7 வர வேண்டும். ஆகவே அடுத்த முறை எழுதும்போது ரைட்டிங்கே கதி என்று லிசனிங்கையும் ரீடிங்கையும் கைவிட்டு விடாதீர்கள்.