நீந்துற பிள்ளையை டொக்டராக்க வயல ஈடு வைக்கோணுமோ?

முல்லைத்தீவில இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தா. மகள் உயர்தரம் பயோ எடுத்து 3 எஸ், அதாவது மூண்டு பாடமும் சாதாரண பாஸ்தான், கனடாவில இருக்கிற மாமா ஒரு ஏஜென்ட பிடிச்சு வெளிநாட்டில மெடிசின் படிக்க வைக்கலாம் எண்டு சொல்லுறாராம், வயல ஈடு வைக்கலாமோ எண்டு யோசிக்கினமாம். பிள்ளை என்னெண்டா நீச்சல், நீச்சல் எண்டு நிக்குதாம், மாகாண மட்டத்தில சான்றிதழும் இருக்காம்.

அக்கா, உங்கட பயம் எனக்கு விளங்குது. ஆனா வயல ஈடு வைக்காதேங்கோ. வெளிநாட்டில மருத்துவம் படிக்கப் போறவைக்கு எங்கட இலங்கை மருத்துவ சபை உயர்தரப் பெறுபேறில ஒரு அடிமட்டம் வைச்சிருக்கு, 3 எஸ் அதுக்குக் காணாது. அந்த மட்டம் இருந்தாலும் படிச்சு முடிச்சு வந்து இஞ்ச இன்னொரு சோதனை பாஸ் பண்ணினால்தான் டொக்டரா வேலை செய்யலாம். இதையெல்லாம் ஏஜென்ட் சொல்லமாட்டான், மாமாவும் ஈட்டுக்கு வட்டி கட்டப்போறதில்லை, கட்டப்போறது நீங்கள்.

"நீச்சல் சோறு போடுமோ" எண்டு சொந்தக்காரர் கேக்கினமாம். இந்திய நீச்சல்காரி ஆரத்தி சாகாவப் பற்றி அவைக்குச் சொல்லுங்கோ. கல்கத்தாவில 1940இல பிறந்த பிள்ளை, ரண்டரை வயசில தாய் செத்துப்போனா, பேத்தியார்தான் வளர்த்தவ. தகப்பனுக்கு சாதாரண உத்தியோகம், ஹட்கோலா கிளப்பில நீந்தப் பழகி 1952இல ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போகேக்க வயசு 11தான். 1959 ஓகஸ்டில இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில இருக்கிற கடல், ஆங்கிலக் கால்வாய நீந்த வெளிக்கிட்டு, வழிகாட்டுற படகு பிந்தி வந்து, பிறகு கரை கிட்டவந்தும் எதிர்நீரோட்டத்தில மல்லுக்கட்டி ஏலாமல் விட்டவ. அடுத்த மாசம் 29ஆம் திகதி திரும்ப இறங்கி 16 மணித்தியாலம் 20 நிமிசத்தில கடந்தா, ஆசியாவில முதல் பெண். அடுத்த வருசம் பத்மஸ்ரீ. நான் முக்கியமாச் சொல்ல வாறது இதுதான், அவ படிப்ப விட்டிட்டு நீந்தேல்லை. கல்கத்தா சிற்றி கொலிஜில இன்டர்மீடியட், அதாவது பட்டப்படிப்புக்கு முந்தின சோதனை, பாஸ் பண்ணினவ, பிறகு ரயில்வேயில வேலை பார்த்தவ. கால்வாய் நீந்தக் காசு திரட்டத்தான் வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. அப்ப உங்கட மகளக் கால்வாய்க்கு அனுப்பச் சொல்லேல்லை, நீச்சல ஒரு படிப்போட கட்டுங்கோ எண்டுதான் சொல்லுறன்.

அந்தப் படிப்பு இஞ்சயே இருக்கு, ஆரும் கவனிக்கிறேல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலயும் பெலிகுல்லோயாவில இருக்கிற சபரகமுவப் பல்கலைக்கழகத்திலயும் உடற்கல்விப் பட்டப்படிப்பு இருக்கு. பயோ, கலை, வர்த்தகம் எந்தப் பிரிவில செய்த பிள்ளையும் போடலாம், உயர்தரப் பெறுபேறில இருந்து கணக்கிடுற இஸட் ஸ்கோரோட, நேரில விளையாடிக் காட்டுற செய்முறைச் சோதனையும் பார்ப்பினம். இதில கன பேர் விடுற இடம் ஒண்டு இருக்கு: பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குப் போடுற விண்ணப்பம் மட்டும் காணாது, செய்முறைச் சோதனைக்கு பல்கலைக்கழகம் தனியாப் பேப்பரில விளம்பரம் போடும், அதுக்கும் போடோணும், தவறினா அந்த வருசம் போச்சு. அரச பல்கலைக்கழகம், படிப்புக்குக் காசில்லை, வீட்டு வருமானம் குறைவெண்டா மகாபொல புலமைப்பரிசிலுக்கும் போடலாம். முடிச்சா உடற்கல்வி ஆசிரியர், விளையாட்டு உத்தியோகத்தர், பயிற்றுநர் எண்டு போகலாம். பெட்டையளுக்கு நீச்சல் பழக்கப் பொம்பிளைப் பயிற்றுநர் கிடைக்கிறது கஷ்டம், குளமும் கடலுமா இருக்கிற வன்னியில இது எவ்வளவு பெரிய குறை எண்டு பிள்ளையத் தண்ணியில பறிகுடுத்த தாய்மாருக்குத் தெரியும்.

மகள் கடலில நீந்திப் பழகினவவெண்டா நீச்சல் தடாகத்தில திரும்புற முறையும் ஸ்ரார்ட் எடுக்கிற முறையும் சரியா வராமல் இருக்கலாம், அதை இப்பவே ஒரு பயிற்றுநரிட்டப் பழக விடுங்கோ. கூட உயிர்காப்புப் பயிற்சியும் எடுத்தா நல்லம்.

திரும்ப உயர்தரம் எடுக்கிறதெண்டா எடுக்கட்டும், ஆனா மகளிட்டக் கேட்டுப்போட்டு. "மாமா என்ன சொல்லுவார்" எண்டு கேக்காதேங்கோ அக்கா, நாலு வருசம் படிக்கப்போறது அவள். இந்தக் கிழமைக்குள்ள பாடசாலைச் சான்றிதழ், மாகாணச் சான்றிதழ் எல்லாத்தையும் பிரதி எடுத்து உறுதிப்படுத்தி ஒரு பைலில போட்டு வையுங்கோ, ஏஜென்டுக்கு அட்வான்ஸ் குடுத்திட்டீங்களெண்டா இண்டைக்கே ரசீதோட போய்த் திருப்பிக் கேளுங்கோ.