கப்ளர் நாற்பது ரூபாய், மிக்ஸி நாலாயிரம்: வீட்டுச் சிக்கனக் கேள்விகள்

கேள்வி: வீடியோ பார்த்துப் பாத்திரம் கழுவும் லிக்விட், தரை துடைக்கும் லிக்விட், துணி சோப்புத் தூள் எல்லாம் வீட்டிலேயே செய்கிறேன். பேக்கிங் சோடா, வினிகர், எலுமிச்சை என்று வாங்கி வாங்கியே காசு போகிறது. உண்மையிலேயே இதில் மிச்சம் உண்டா? (குடும்பத் தலைவி, திண்டுக்கல்)

சிலவற்றில் உண்டு, பலவற்றில் இல்லை. முதலில் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலப்பதை நிறுத்திவிடுங்கள். ஒன்று காரம், மற்றொன்று அமிலம். இரண்டும் சேர்ந்ததும் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பலமாக வேலை செய்வது போலத் தெரியும். ஆனால் ஒன்றின் குணத்தை மற்றொன்று அழித்துவிடுகிறது. கடைசியில் பாட்டிலில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புக் கலந்த தண்ணீர்தான். சோடாவைத் தனியாக அடிப்பிடித்த பாத்திரத்துக்கும், வினிகரைத் தனியாகக் குழாயில் படிந்த உப்புக் கறைக்கும் பயன்படுத்துங்கள். தனித்தனியாக இரண்டும் நல்ல பொருள்கள்.

பார் சோப்பைத் துருவிச் செய்யும் சோப்புத் தூளும் எல்லா ஊருக்கும் சரிவராது. உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரளும். அது துணியில் வெள்ளையாகப் படியும், வாஷிங் மெஷின் டிரம்மிலும் ஒட்டும். மெஷினைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஆள் வந்தால், சோப்பில் மிச்சம் பிடித்தது மொத்தமும் அவர் கூலிக்கே போய்விடும். கடைத் தூளையே வாங்கி, அளவைக் குறைத்துப் போடுங்கள். நம்மில் நிறையப் பேர் தேவைக்கு மேல்தான் கொட்டுகிறோம். அலசும் தண்ணீரில் இன்னும் நுரை வந்துகொண்டே இருந்தால் அடுத்த முறை பாதியாகக் குறைத்துப் பாருங்கள். செய்யாமலே கிடைக்கும் மிச்சம் இது.

மிச்சம் தருவது எது என்றால் பழத்தோல் கரைசல். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு எலுமிச்சை அல்லது சாத்துக்குடித் தோல், பத்துப் பங்கு தண்ணீர். அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் வெல்லம், முந்நூறு கிராம் தோல். தோல் ஜூஸ் கடையில் சும்மாவே கிடைக்கும். பிளாஸ்டிக் கேனில் கொஞ்சம் இடம் விட்டு ஊற்றி, முதல் சில வாரங்கள் தினமும் மூடியைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கண்ணாடிப் பாட்டில் கூடவே கூடாது, வெடித்துவிடும். மூன்று மாதம் கழித்து வடிகட்டி, தண்ணீரில் கலந்து தரை துடைக்கலாம். லிட்டருக்கு வெல்லச் செலவு மட்டும்தான். ஆனால் இது அழுக்கைத் துடைக்கத்தான் உதவும். வீட்டில் யாருக்காவது வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் கிருமிநாசினியைத்தான் நம்ப வேண்டும்.

பட்டுப் புடவைக்கும் வெள்ளிக் கொலுசுக்கும் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போதும். பித்தளைக்குக் குழம்புக்குக் கரைத்த புளிச்சக்கை இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. "எல்லாவற்றையும் கலந்தால் பவர் கூடும்" என்று சொல்லும் எந்த வீடியோவையும் நம்ப வேண்டாம்.

கேள்வி: வெயில் காலத்தில் கரண்ட் பில் 540 யூனிட் வந்தது. பக்கத்து வீட்டில் 500. வெறும் 40 யூனிட் வித்தியாசத்துக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கட்டினேன். மீட்டரில் கோளாறா? குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாற்றினால் குறையும் என்கிறார்கள், நிஜமா? (தனியார் நிறுவன ஊழியர், ஆவடி)

மீட்டரில் கோளாறு இல்லை. தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக் கட்டணம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் நிறையப் பணம் நிற்கும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2022 செப்டம்பரில் வந்த பழைய கட்டணப்படி கணக்குப் போடுவோம். இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, பிறகு 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500-ஐ ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.50 ஆகிவிடும். 500-க்கு மேலே உள்ளது யூனிட்டுக்கு 8 ரூபாய். ஆக 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய், 540 யூனிட்டுக்கு 2,270 ரூபாய். உங்கள் 40 யூனிட்டின் விலை 545 ரூபாய், அதாவது யூனிட்டுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். 2024 ஜூலையில் விலை சற்று கூடியது, கணக்கின் அமைப்பு அப்போதும் மாறவில்லை.

ஆகவே உங்கள் இலக்கு 500-க்குள் நிற்பதுதான். ரீடிங் எடுத்த தேதியை அட்டையில் பார்த்து, வாரம் ஒருமுறை நீங்களே மீட்டரைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால் சரி.

இப்போது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் சுமார் 30 வாட். தினம் 15 மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் முதலாவதற்கு 67 யூனிட், இரண்டாவதற்கு 27 யூனிட். ஒரே ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். உங்கள் 540 அப்படியே 500-க்கு வந்து நிற்கும்! ஃபேன் மூவாயிரம் ரூபாய் என்றாலும், 540 வரும் பில்களில் ஒவ்வொன்றுக்கும் மேலே போட்ட கணக்குப்படி 545 ரூபாய் திரும்பி வருகிறது. மழைக்காலத்தில் 300 யூனிட்தான் ஓடுகிறது என்றால் அதே 40 யூனிட்டின் மதிப்பு 180 ரூபாய்தான், அதையும் கணக்கில் வையுங்கள். அதிக நேரம் ஓடும் ஹால் ஃபேனையும் படுக்கையறை ஃபேனையும் மட்டும் மாற்றினால் போதும். பூஜையறை ஃபேனுக்கு இது தண்டச் செலவு.

வாங்கும்போது இரண்டு விஷயம். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயம். வாட் எவ்வளவு, காற்று எவ்வளவு என்று அதில் இருக்கும், இரண்டையும் பாருங்கள். அப்புறம், பி.எல்.டி.சி. ஃபேனில் கெட்டுப்போவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுதான். தெரு எலக்ட்ரீஷியனால் எல்லா போர்டையும் சரிசெய்ய முடியாது. அதனால் வாரண்டி மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று கேட்டு வாங்குங்கள்.

பழைய ஃபேன் சுற்றுவது மந்தமாகிவிட்டது என்று மட்டும் புதிது வாங்கிவிட வேண்டாம். பல வீடுகளில் அது கெபாசிட்டர் பழுதுதான். மோட்டாருக்கு மேலே தண்டில் இருக்கும் கப்பைக் கழற்றினால் விரல் நீளத்தில் ஒரு டப்பா இருக்கும், மேலே 2.5 எம்.எஃப்.டி. என்பது போலக் கெபாசிட்டரின் அளவு போட்டிருக்கும். அதே எண்ணில் புதிது வாங்கினால் ஐம்பது ரூபாய்க்குள்தான் வரும். சுவிட்சை அணைத்தால் போதாது, மெயினையே அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழக்கமில்லை என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள், அந்தக் கூலி வீண் இல்லை.

கேள்வி: மிக்ஸி மோட்டார் ஓடுகிறது, ஜார் சுற்றவில்லை. கடைக்காரர் "இது ஆயுள் முடிந்தது, எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறு தருகிறேன், புதிது எடுத்துக்கோங்க" என்கிறார். நான்கு வருட மிக்ஸிதான். என்ன செய்ய? (ஓய்வு பெற்ற ஆசிரியை, கும்பகோணம்)

கொடுத்துவிடாதீர்கள். மோட்டார் ஓடி, ஜார் சுற்றவில்லை என்றால் கப்ளர்தான் தேய்ந்திருக்கும். மோட்டாரின் தலையில் பல் பல்லாக இருக்கும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் வட்டம் அது. விரலால் தடவிப் பாருங்கள், பல் மழுங்கி வழவழவென்று இருக்கும். உள்ளே பிசிறு பிசிறாகக் கருப்புத் தூளும் கிடக்கும். உதிரி பாகக் கடைக்கு மாடல் பெயரோடு பழைய கப்ளரையும் எடுத்துப் போங்கள். நாற்பது, ஐம்பது ரூபாய் ஆகும். ஜாரின் அடியிலும் அதற்கு ஜோடியான பாகம் ஒன்று இருக்கும். அதுவும் தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். இல்லாவிட்டால் புதியதையும் அது கடித்துவிடும்.

மற்ற நோய்களும் கிட்டத்தட்ட இதே விலைதான். அரைக்கும்போது சட்டென்று நின்று, சத்தமே இல்லை என்றால் மிக்ஸியைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு பட்டன் இருக்கும். சுமை அதிகமானால் அது தானாக வெளியே வந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, அழுத்தினால் ஓடும். இது தெரியாமல் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுபவர்கள் ஏராளம். உள்ளே பொறி பறந்தால் மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். ஜார் அடியில் மாவு கசிந்தால் பிளேடின் தண்டைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்திருக்கும். கருகிய வாடை வந்து புகையும் வந்தால்தான் மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் போயிருக்கும். அப்போதும் காயில் கட்ட எவ்வளவு என்று இரண்டு இடத்தில் கேளுங்கள். புது மிக்ஸி விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்குவதே சரி.

இந்தத் தொகையைக் கவனித்தீர்களா? வீட்டில் லிக்விட் காய்ச்சி மாதம் முப்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, நாற்பது ரூபாய்க் கப்ளரை நேரத்தில் மாற்றி நாலாயிரம் ரூபாயைக் காப்பாற்றுவது பெரிது. விலை குறைந்த பொருளைச் செய்வதில் போகும் நேரத்தை, விலை உயர்ந்த பொருளைப் பராமரிப்பதில் செலவிடுங்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கும் இதுதான் என் பதில்.

உதிரி பாகம் கிடைக்கவில்லை, கம்பெனி சர்வீஸில் இழுத்தடிக்கிறார்கள் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யலாம், தமிழிலேயே பேசலாம். பழுது பார்க்கும் உரிமைக்கென்றே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் தொடங்கியிருக்கிறது. அதில் சேர்ந்துள்ள கம்பெனிகளின் சர்வீஸ், உதிரி பாக விவரங்கள் உண்டு. அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்கு நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. பில்லை மட்டும் பத்திரமாக வையுங்கள். வெயிலில் எழுத்து அழிந்துபோகும் ரகம் என்றால் வாங்கிய அன்றே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் ஒரு குழாயும் சொட்டவில்லை. ஆனாலும் மொட்டை மாடித் தொட்டி சீக்கிரம் காலியாகிறது. தினம் இரண்டு தடவை மோட்டார் போடுகிறோம். (சிறு வணிகர், மதுரை)

கழிவறை ஃப்ளஷ் டேங்க்கைச் சந்தேகப்படுங்கள். அது கசிவது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. இரவு எல்லோரும் படுத்த பிறகு டேங்க் மூடியைத் திறந்து, ஒரு ஸ்பூன் கேசரிப் பவுடரைக் கரைத்து ஊற்றுங்கள். ஃப்ளஷ் பண்ணாமல் அரைமணி கழித்துப் பாருங்கள். கீழே கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் உள்ளே ரப்பர் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். டேங்க்குக்குத் தண்ணீர் வரும் சின்ன வால்வை மூடிவிட்டு, வாஷரைக் கழற்றி எடுத்துப்போய் அதே அளவில் வாங்கி மாட்டலாம். பிளம்பர் தேவையில்லை. நிறம் இறங்கவில்லை என்றால் தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடுகிறதா, ஓவர்ஃப்ளோ குழாயில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று மாடியில் ஏறிப் பாருங்கள்.

கேள்வி: கேஸ் சிலிண்டர் முன்பு போல் நீண்ட நாள் வருவதில்லை. எடை குறைவாக வருகிறதோ? கொண்டுவருபவர் ஐம்பது ரூபாய் கூடுதலாகவும் கேட்கிறார். டியூபை நானே மாற்றலாமா? (குடும்பத் தலைவி, காரைக்குடி)

வீட்டுச் சிலிண்டரில் கேஸ் 14.2 கிலோ இருக்க வேண்டும். காலிச் சிலிண்டரின் எடை அதன் மேலேயே எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டி, வாசலிலேயே தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம். வீட்டில் கொண்டுவந்து தருவதற்கான தொகை பில்லிலேயே சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் கொடுக்கக் கட்டாயம் இல்லை. மூன்று மாடி தூக்கி வருபவருக்கு நீங்களாக விரும்பிக் கொடுத்தால் அது வேறு.

எடை சரியாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால் அடுப்பைப் பாருங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுத்தால் பர்னர் ஓட்டைகள் அடைத்திருக்கின்றன. பர்னரை ஆறவிட்டுக் கழற்றி, ஊசியால் குத்தி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பருப்பை அரைமணி ஊறவைப்பதும், முதல் விசில் வந்ததும் அடுப்பைச் சிம்மில் வைப்பதும் நல்ல மிச்சம்.

டியூப் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். ஐந்து வருடம் ஆனால், வெடிப்பு இல்லாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா டியூபை ஏஜென்சியிலேயே வாங்கி, அவர்கள் ஆளை வைத்தே மாட்டுங்கள். கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

கேள்வி: பெரிய பாக்கெட் வாங்கினால் எப்போதும் லாபம்தானே? (கல்லூரி மாணவர், கோவை)

எப்போதும் இல்லை. பத்து ரூபாய் சாஷேவில் வரும் ஷாம்பு, பெரிய பாட்டிலைவிட மில்லி கணக்கில் மலிவாக இருப்பதும் உண்டு. 2024 ஜனவரி முதல் பாக்கெட்டின் மீது எம்.ஆர்.பி.யோடு கிராமுக்கு அல்லது மில்லிக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும். எழுத்து பொடியாக இருக்கும், செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு பாக்கெட்டில் அந்த எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும். சின்னதில் குறைவாக இருந்தால் சின்னதையே எடுங்கள்.