மூணு டெனரை வச்சு ஆவே வேரும் பாடலாமா?

வாசகர் ஒருத்தர் கேட்டது இது: "எங்க பங்குல பாடற்குழு சின்னது, டெனர் (மேல் ஆண்குரல்) மூணே பேர். ஆர்கன் கிடையாது, கீபோர்டுதான். ஆண்டவருடைய திருவுடல் திருஇரத்தப் பெருவிழாவுக்கு நற்கருணை வாங்கினப்புறம் லத்தீன்ல ஒண்ணு பாடணும்னு ஃபாதர் ஆசைப்படறார். மொசார்ட்டோட ஆவே வேரும் கோர்ப்புஸ் எடுக்கறதா, எல்கரோடதா? யாருக்கும் லத்தீன் தெரியாது, தமிழ்ல எழுதிக் குடுத்துடலாமா?"

ஆவே வேரும் கோர்ப்புஸ்ங்கறது நற்கருணையில இருக்கற ஆண்டவர் உடலை வாழ்த்தற லத்தீன் பாட்டு, அதுக்கு மொசார்ட்டும் இங்கிலீஷ்காரர் எல்கரும் தனித்தனியா மெட்டு போட்டிருக்காங்க. எல்கரோடத எடுங்க, யோசிக்கவே வேண்டாம். மொசார்ட்டோடது 46 பார்தான் (பார்னா ஒரு தாளக் கட்டம்), பார்க்க ரொம்ப எளிமையா இருக்கும், அதை நம்பித்தான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. 1791 ஜூன்ல, அதாவது சாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடி எழுதினது, கை நல்லா பழுத்தப்புறம் வந்த எளிமை அது. நடுவுல "கூயுஸ் லாத்துஸ்" வர்ற இடத்துல நைசா எஃப் மேஜர்ங்கற வேற ஸ்வர வரிசைப் பக்கம் திரும்பிடுவார், பாடறவங்க சுருதி அங்கதான் கீழ இறங்கும். கடைசிப் பகுதியில பெண்குரல் முன்னாடி போக ஆண்குரல் அதைத் தொரத்திக்கிட்டு வரணும், மூணு டெனர் அங்க தனியா மாட்டுவாங்க.

எல்கர் இதை எழுதின சூழ்நிலையே வேற. இங்கிலாந்துல வூஸ்டர் ஊர்ல செயின்ட் ஜார்ஜ் கத்தோலிக்க கோவில்ல அவரோட அப்பா வருஷக்கணக்கா ஆர்கன் வாசிச்சார், பியானோ சுருதி சேர்க்கறவர், இசைக்கருவிக் கடையும் வச்சிருந்தார், 1885-ல அந்த ஆர்கன் வேலை மகன் கைக்கு வந்துச்சு. எல்கர் மியூசிக் காலேஜ் பக்கமே போகாத ஆளு, பதினஞ்சு வயசுல பள்ளிக்கூடம் முடிச்சதும் வில்லியம் ஆலன்னு ஒரு வக்கீல் ஆபீஸ்ல கொஞ்ச நாள் வேலை பார்த்தவர். அந்த ஆலன் 1887-ல இறந்துபோனப்ப அவர் நினைவா "பியே யேசு"ன்னு, செத்தவங்களுக்கு இளைப்பாற்றி கேக்கற ஜெபத்துக்கு ஒரு மெட்டு போட்டார். அதே மெட்டைத்தான் 1902-ல எடுத்து கொஞ்சம் திருத்தி, வார்த்தையை ஆவே வேரும்னு மாத்தி, ஓபஸ் 2-ல (அவரோட படைப்பு வரிசையில ரெண்டாம் எண்) முதல் பாட்டா வெளியிட்டாங்க. அதுக்குள்ள எனிக்மா வேரியேஷன்ஸ், ஜெரோன்டியஸ்னு அவரோட பெரிய படைப்பெல்லாம் வந்து ஆளு பெரிய பேர் வாங்கிட்டார், ஆனா பாட்டு அந்த ஆர்கன் மாடத்துல இருந்த இளைஞனோடதுதான். ஞாயித்துக்கிழமை வந்து பாடற சாதாரண ஜனங்களுக்கு என்ன முடியும்னு தெரிஞ்ச கை அது.

அது உங்களுக்கு எங்க உதவும்னா, அமைப்புல. முதல் அடியை சோப்ரானோ (மேல் பெண்குரல்) மட்டும் பாடும், அப்புறம் அதே மெட்டை முழுக் குழுவும் நாலு பார்ட்ல திருப்பிப் பாடும், அடுத்த அடிக்கும் அதே முறை, கடைசில "ஓ க்ளேமென்ஸ், ஓ பியே"ன்னு ஒரு சின்ன வால். மெட்டை ஏற்கெனவே ஒரு தடவ காதுல கேட்டுட்டுத்தான் மத்தவங்க உள்ள வர்றாங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது. மொத்தமே மூணு நிமிஷம்தான். சோப்ரானோ தனியா பாடற இடத்துல நல்லா பாடற ஒருத்தரை நிறுத்தணும்னு ஆசை வரும், வேண்டாம், எல்லாப் பெண்களும் சேர்ந்தே பாடட்டும், ஆல்டோவையும் (கீழ் பெண்குரல்) சேர்த்துக்கலாம். டெனரை சத்தமா பாடச் சொல்லாதீங்க, மூணு பேர் கத்தினா மூணு பேர் கத்தற மாதிரியேதான் இருக்கும், அதுக்கு பதிலா மத்த மூணு பார்ட்டையும் குறைங்க. இந்தப் பாட்டுக்கு அந்த மெலிசு பொருந்தும், பிறந்ததே இரங்கல் பாட்டா இல்லையா. பாட்டு ஜி மேஜர்ல இருக்கு, மேல் ஸ்வரம் எட்டலைன்னா கீபோர்டுல ட்ரான்ஸ்போஸ் அமுக்கி அரை ஸ்தாயி... இல்ல, அரை ஸ்வரம் இறக்கலாம், அதுக்கு மேல இறக்கினா பேஸ் (கீழ் ஆண்குரல்) ஆளுங்க உறும ஆரம்பிச்சுடுவாங்க.

இப்ப அந்த தமிழ்ல எழுதற விஷயம். எழுதிக் குடுங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. நம்ம எழுத்துல த-வும் ப-வும் வார்த்தை நடுவுல வந்தா நாக்கு தானா மெத்துனு ஆக்கிடும், "நாதும்"னு எழுதினா நாதஸ்வரத்துல வர்ற த-தான் வரும், "கோர்புஸ்"ல மார்புல வர்ற பு வந்துடும். ரெட்டிச்சு "நாத்தும்", "கோர்ப்புஸ்"னு எழுதினா சத்தம் சரியா வரும், ஆனா அங்க ஒரு நொடி அழுத்தி நிக்கற பழக்கமும் கூடவே வரும். அதனால நீங்க வாயால சொல்லி அவங்க திருப்பிச் சொல்றதுதான் வழி. "வீர்ஜினே", "க்ரூச்சே", "ஓமினே" (முன்னாடி ஹ வேண்டாம்), "ஸாங்குவினே", இவ்ளோதான் புதுசு. ஏ, ஓ எல்லாம் நம்மாளுங்களுக்கு சுத்தமா வரும், இங்கிலீஷ்காரங்க அதுக்குத்தான் தவியா தவிப்பாங்க.

இன்னொண்ணு, பெரும்பாலான கொயர்ல யாரும் கவனிக்கறதே இல்ல. வேரும், நாத்தும், பாஸ்ஸும், இம்மொலாத்தும், பெர்ஃபொராத்தும்னு வரிக்கு வரி "உம்"ல முடியுது. நாம பேசும்போது "வரும், போகும்" எல்லாத்துலயும் கடைசி ம்-மை மூக்குக்குள்ள விட்டுட்டு உதட்டை மூடவே மாட்டோம், அதே பழக்கம் பாட்டுலயும் வந்தா வரி முடிவு எல்லாம் மூக்கடைச்ச மாதிரி தொங்கும். உயிரெழுத்தை முழுசா இழுங்க, உங்க கை மூடற அதே நேரத்துல இருபது உதடும் மூடணும். ப்ராக்டிஸ்ல மெட்டே இல்லாம வெறும் தாளத்துல வார்த்தையை மட்டும் சொல்ல வச்சு இதைச் சரிபண்ணிடுங்க.

கீபோர்டுக்கு பைப் ஆர்கன் சத்தத்துல நடுக்கம் இல்லாததா பார்த்து எடுங்க, ஸ்ட்ரிங்ஸ் கலக்காதீங்க, சஸ்டெயின் பெடல்லேர்ந்து கால எடுத்துடுங்க, ஆட்டோ ரிதம் பட்டனை... சரி, அதை நான் சொல்லணுமா என்ன. இதையே பெரிய வியாழன் அன்னைக்கும் பாடலாம், ஆனா அன்னைக்கு "உன்னதங்களிலே" (குளோரியா) பாட்டு முடிஞ்சதும் கருவி பாட்டுக்குத் துணையா மட்டும்தான், தனியா முன்னிசை வாசிக்கக்கூடாது, சுருதி குடுத்துட்டு நேரா ஆரம்பிங்க.

நோட்ஸ் காசு குடுத்து வாங்கணும்னு இல்ல. எல்கர் 1934-லயே இறந்துட்டார், காப்பிரைட் முடிஞ்சு எவ்வளவோ நாளாச்சு, பழைய பதிப்பு இணையத்துல இலவசமாவே கிடைக்கும், தாராளமா ஜெராக்ஸ் எடுத்துக்கலாம். புதுசா யாராவது பார்ட் மாத்திப் போட்ட அரேஞ்ச்மென்ட்டா இருந்தா மட்டும் அடியில என்ன எழுதியிருக்குன்னு பார்த்துட்டு காப்பி எடுங்க.