மூடிய குரோமேட் ஆலைக்குப் பக்கத்தில் மனை வாங்கலாமா?

கேள்வி: ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலைக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு மனை விலைக்கு வருகிறது. போர் தண்ணீர் லேசாக மஞ்சளாக இருக்கிறது. "ஆலை மூடி எத்தனையோ வருஷமாச்சு, ஆர்.ஓ. போட்டால் போதும்" என்கிறார் புரோக்கர். அதே பகுதியில் மாமா வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் மாமா வீடு. அந்தத் தண்ணீரைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். காய்ச்சினால் கிருமிதான் சாகும். ஆலைக் கழிவிலிருந்து தண்ணீரில் கலக்கும் குரோமியம் என்ற உலோகம் அப்படியே இருக்கும். ஆவியான தண்ணீர் போக, மிச்சத்தில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரம், கேண்டில் ஃபில்டர் எதுவும் இதற்கு உதவாது.

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். இரும்பு என்றால் அடியில் துருப்பொடி படியும். எதுவும் படியாமல் தெளிவான எலுமிச்சை மஞ்சளாகவே நின்றால் குரோமியம் 6 (குரோமியத்தின் நச்சு மிகுந்த, தண்ணீரில் எளிதில் கரையும் வடிவம்) என்று பலமாகச் சந்தேகப்பட வேண்டும். நிறமே இல்லை என்பதற்காக நிம்மதி அடையாதீர்கள். இந்தியக் குடிநீர்த் தரத்தில் குரோமியத்துக்கு உச்ச வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். அந்த அளவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

அதனால் லேப் சோதனை கட்டாயம். என்.ஏ.பி.எல். (சோதனைக்கூடங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபில் மொத்த குரோமியம், குரோமியம் 6 இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். கோடையில் ஒருமுறை, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒருமுறை எடுத்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

ஆலை தொண்ணூறுகளின் நடுவிலேயே நின்றுவிட்டது, நிஜம்தான். ஆனால் அது விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். குரோமியத் தாதுவைச் சோடியம் கார்பனேட்டோடு வறுத்துச் சாறு எடுத்த பிறகும் சக்கையில் குரோமியம் 6 தங்கிவிடும். ஒவ்வொரு மழையும் அதில் கொஞ்சம் கரைத்து நிலத்தடிக்கு இறக்குகிறது. நச்சு குறைந்த வடிவமான குரோமியம் 3 மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். 6 ஒட்டாது, தண்ணீர் போகிற பக்கமெல்லாம் போகும். எத்தனை வருஷம் ஆனது என்பதை விட, குவியல் இன்னும் திறந்து கிடக்கிறதா, நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே முக்கியம்.

சுத்தம் செய்வதும் மண்ணை அள்ளிப்போடுவதோடு முடிகிற வேலை இல்லை. கழிவுக்குள் மழை இறங்காதபடி மூட வேண்டும். பரவிய நீரை இறைத்து, ஃபெரஸ் சல்ஃபேட் போன்றதைச் சேர்த்து, குரோமியம் 6-ஐ 3 ஆக்கிப் படியவைக்க வேண்டும். இதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹிங்க்லி ஊரில் ஒரு நிறுவனம் குரோமியம் கலந்த நீரை வெளியேற்றியது 1952 முதல் 1966 வரை. அங்கே எத்தனாலை நிலத்துக்குள் செலுத்தி, பாக்டீரியாக்கள் வழியாக குரோமியம் 6-ஐ 3 ஆக மாற்றும் வேலை அண்மைக் காலம் வரை நடந்துகொண்டிருந்தது.

யாராவது "சுத்தம் பண்ணியாச்சு" என்றால், எந்த அளவுக்கு என்று கேளுங்கள். கொடைக்கானலில் மூடப்பட்ட பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையில் தகராறே இதில்தான் வந்தது: ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விடலாம் என்ற இலக்கை, ஒரு மலைக்காட்டுக்கு இது போதாது என்று பலர் எதிர்த்தார்கள்.

மனை விஷயத்தில் என் கருத்து: இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்புக் கிணறுகளின் சோதனை முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். மாசுபட்ட இடங்களுக்கென 2025 ஜூலையில் மத்திய அரசு தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேக இடங்களை மாவட்ட நிர்வாகம் அடையாளம் காட்ட வேண்டும். வாரியம் 90 நாளில் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். மாமா வீட்டு லேப் ரிப்போர்ட்டை இணைத்து ஆட்சியருக்கு மனு கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்க வேண்டாம்.

ஆர்.ஓ. குரோமியத்தைப் பெருமளவு பிரித்துவிடும், சரி. ஆனால் பிரித்தது முழுக்கக் கழிவு நீரில் போகிறது. அதைத் தோட்டத்துக்கு விட்டாலோ கிணற்றுப் பக்கம் கொட்டினாலோ திரும்ப உங்கள் மண்ணுக்கே வரும். மாமா வீட்டுக்கு இப்போதைக்கு நகராட்சிக் குழாய்த் தண்ணீர்தான் வழி.