தொட்டியை விட்டு ஏறி ஓடும் பிஎஸ்எஃப் புழுக்கள்

வணக்கம் நண்பரே. நாட்டுக்கோழித் தீவனத்துக்காக ஓட்டல் கழிவில் பிஎஸ்எஃப் (Black Soldier Fly என்ற கறுப்பு ஈயின்) புழு வளர்க்கிறீர்கள், ராத்திரியானால் புழுக்கள் தொட்டிச் சுவரில் ஏறி வெளியே வருகின்றன, நாற்றமும் தாங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில், ஓடும் புழுவின் நிறத்தைப் பாருங்கள். கரும்பழுப்பாக இருந்தால் கவலை வேண்டாம். தீனியை நிறுத்திவிட்டுக் கூட்டுப்புழுவாக மாற அது காய்ந்த இடம் தேடிப் போகிறது. தொட்டியில் ஒரு பக்கம் சாய்வாகப் பலகை வைத்து, முடிவில் வாளி வையுங்கள். தானாகவே வந்து விழும். அதில் கொஞ்சத்தை ஈயாக விட்டால்தான் அடுத்த முட்டை கிடைக்கும்.

வெள்ளைப் புழுவும் சேர்ந்து ஓடினால் பிரச்சினை தீனியில்தான். சாம்பார், ரசம் எல்லாம் அப்படியே கொட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். ஈரம் அதிகமானால் அடியில் காற்று போகாது, அழுகும், சூடேறும். புழுவுக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை. கழிவை வடிகட்டி, தவிடு கலந்து, ஒரு கைப்பிடி பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, தண்ணீர் ஒழுகினால் இன்னும் தவிடு வேண்டும். முதல் நாள் போட்டது தீர்ந்த பிறகே அடுத்த தீனி. இதைச் செய்தாலே நாற்றம் பெருமளவு அடங்கும்.

அப்புறம், கோழிக்கு வழக்கமான தீவனத்தை முழுவதும் நிறுத்திவிட்டுப் புழுவை மட்டும் போட வேண்டாம். உலர்ந்த புழுவில் சுமார் 40 சதவீதம் புரதம் உண்டு, ஆனால் கொழுப்பும் அதிகம். கொஞ்சமாகச் சேர்த்துக் கொடுங்கள்.